நடுவில் விழுந்துபோன இரண்டெழுத்து

ஆம்புலன்ஸ் டிரைவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கத்திரி. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், லிஃப்ட் இயந்திரம் உறுமும் அறையை ஒட்டி, கட்டுப்பாட்டு அறை இருந்தது. அங்கே மைக்கின் முன்னால் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. சொல்ல வேண்டியதை நறுக்கென்று சொல்லிவிட்டு மைக்கிலிருந்து கையை எடுத்துவிடுவாள். ‘கொஞ்சம் பாத்து’, ‘அந்தப் பக்கமா’ என்ற இழுவையெல்லாம் அவளிடம் செல்லாது.

அந்தப் பழக்கம் பஸ் நிலையத்தில் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் அங்கே அறிவிப்பாளராக இருந்தாள். தகரக் கூரையில் முட்டித் திரும்பும் எதிரொலி, சொன்னதில் பாதியை விழுங்கிவிடும். அதிகம் பேசினால் பயணிகள் தப்பான பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். பேச்சைச் சுருக்கச் சுருக்க ஆட்கள் சரியான பஸ்ஸில் ஏறினார்கள். அன்றிலிருந்து ஒரு சொல் போதுமென்றால் இரண்டாவது சொல்லைச் செலவழிக்க மாட்டாள். அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

வீட்டில் மூன்று பேர். கணவன் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுபவன், வாய் அதிகம் திறக்காதவன். அவனுடைய தம்பி, அதாவது அவள் கொழுந்தன், சும்மா சுற்றிக்கொண்டிருந்தவன். அவள்தான் அதிகாரியிடம் சொல்லி அவனை ஆம்புலன்ஸ் டிரைவராகச் சேர்த்துவிட்டாள். “அண்ணி சிபாரிசுல வந்தவன்” என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். அவன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கழுவுவான். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவன் மேல் ஒரு புகார் கிடையாது.

அந்த மதியம் ஒரு தையல்காரர் தன் கடையிலேயே சாய்ந்துவிட்டார் என்று போன் வந்தது. வாய் கோணிவிட்டது, வலது கை தூக்க வரவில்லை என்றார்கள். அவள் இரண்டாம் வண்டியை அனுப்பினாள். அதை ஓட்டியவன் கொழுந்தன். வண்டி கிளம்பிய சற்று நேரத்தில் இன்னொரு டிரைவர், மார்க்கெட் ரோட்டில் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னான். அவள் உடனே மைக்கை எடுத்தாள்.

“ரெண்டாம் வண்டி. மார்க்கெட் ரோட்ல போகாதீங்க.”

“சரி” என்று பதில் வந்தது.

அவ்வளவுதான். இரண்டாம் வண்டி நேராக மார்க்கெட் ரோட்டுக்குள் போய், தோண்டிய மண்ணுக்கும் சரக்கு லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பின்னாலும் வர முடியவில்லை. வேறு வண்டி போய் தையல்காரரைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் போக வேண்டிய நேரம் போய்விட்டது. உயிர் பிழைத்தார். வலது கை பிழைக்கவில்லை. “கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா கையைக் காப்பாத்தியிருக்கலாம்” என்று டாக்டர் சொன்னது அவர் மனைவி காதில் விழுந்துவிட்டது. புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒரு தையல்காரனுக்கு வலது கை போனால் என்ன மிச்சம்?

அதிகாரி தன் அறையில் விசாரணை வைத்தார். அவள், கொழுந்தன், வயர்லெஸ்காரர், மூன்று பேரும் போய் நின்றார்கள். வயர்லெஸ்காரர் என்பவர் ஆஸ்பத்திரியின் ரேடியோக் கருவிகளையெல்லாம் பார்த்துக்கொள்பவர். கட்டுப்பாட்டு அறையில் பேசுவது முழுவதும் தானாகப் பதிவாகும். அதிகாரி அந்தப் பதிவைப் போட்டார். முதலில் டமார் என்று ஒரு சத்தம்.

“என்ன அது?”

“ஜன்னல் சார். காத்துல அடிச்சுக்கிச்சு” என்றாள் அவள்.

பிறகு அவள் குரல், கண்ணாடியில் எழுதிய மாதிரி: மார்க்கெட் ரோட்ல போகாதீங்க. அதன் பின்னால் கொழுந்தனின் ‘சரி’.

அதிகாரி அவனைப் பார்த்தார். “போகாதேன்னு சொல்லியிருக்காங்க. நீயும் சரின்னு சொல்லியிருக்க. அப்புறம் ஏன் போன?”

“எனக்கு போங்கன்னுதான் சார் கேட்டுச்சு. போ... ங்கன்னு. ரயில்வே லைனுக்குக் கீழ, குடோன் பக்கத்துப் பள்ளத்துல இருந்தேன் சார் அப்ப.”

“ஆன்டெனாவைப் புதுசா மாத்தினீங்களே, அதுல ஏதும் கோளாறு இருக்குமா?” என்று அதிகாரி வயர்லெஸ்காரரிடம் கேட்டார்.

அவர் சிரித்தேவிட்டார். “ஆன்டெனாங்கிறது வெறும் கம்பி சார். உள்ள என்ன வருதோ அதை வெளிய விடும். சில பக்கம் அதிகமா வீசும், சில பக்கம் கம்மியா வீசும். போகாதேங்கிறதை போன்னு மாத்துற புத்தி அதுக்குக் கிடையாது. தப்பு வாய்ல இருக்கணும், இல்லன்னா காதுல இருக்கணும். வாய் சரின்னு பதிவு சொல்லுது.”

மிச்சம் காது. கொழுந்தனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

வெளியே வந்ததும் அவன், “அண்ணி, நீங்களாவது நம்புறீங்களா?” என்று கேட்டான்.

“பதிவுல தெளிவாத்தானே இருக்கு?” என்றாள் அவள்.

அவன் படியிறங்கிப் போனான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சந்தேகம் நாலாவது ஆளாகக் குடியேறியது. கொழுந்தன் வாசல் அறையில் படுத்தே கிடந்தான். அவள் சோறு போட்டு வைப்பாள், அவன் அவள் நகர்ந்த பிறகு வந்து சாப்பிடுவான். கணவன் பாடு மத்தளத்தின் பாடு, இரண்டு பக்கமும் இடி. அவள் மனம் ஒவ்வொன்றாகத் தோண்டியது. ஓட்டும்போது போன் பேசிக்கொண்டிருந்தானோ? கொஞ்ச நாளாகவே யாரோ ஒரு பெண்ணோடு குசுகுசுவென்று பேசுகிறானே. இல்லை, மதியத்திலேயே குடிக்க ஆரம்பித்துவிட்டானோ? துணி துவைக்க எடுத்தபோது அவன் சட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். வியர்வையும் டீசலும்தான் அடித்தது. நிமிர்ந்தால் கொழுந்தன் கதவருகே நின்றுகொண்டிருந்தான். அப்படியே திரும்பிப் போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவன் தம்பியை உட்கார வைத்துப் பேச்சைக் கிளறினான். அவள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“மறைக்காம சொல்லுடா. உன் காதுல என்னதான் விழுந்துச்சு?”

“எத்தனை தடவைண்ணே சொல்றது? போ... ங்க. அண்ணி கொஞ்சம் இழுத்துச் சொன்னாங்க. நடுவுல ஒரு மூச்சு விட்ட மாதிரி.”

அவள் கை அப்படியே நின்றது. இழுத்தா? அவளா? மூச்சு விட்டாளா? ஊரே கத்திரி என்று கூப்பிடும் அவள் வாழ்நாளில் ஒரு சொல்லுக்கு நடுவில் மூச்சு விட்டதில்லை. அது அவனுக்கும் தெரியும். பொய் சொல்கிறவன் ‘போங்கன்னுதான் சொன்னாங்க’ என்று ஒரேயடியாகச் சாதித்துவிட்டுப் போவான். இந்த மூச்சை எதற்காகச் சேர்க்க வேண்டும்? பொய்க்கு அலங்காரம் செய்கிறவன் நம்பும்படியான அலங்காரமாக அல்லவா செய்வான்?

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். போகாதீங்க. போ, ங்க. நடுவில் இரண்டே எழுத்து, கா, தீ. அந்த இரண்டும் விழுந்துவிட்டால் அவன் கேட்டது அப்படியே வருகிறது, மூச்சு விட்ட இடைவெளி உட்பட.

சந்தேகம் அவனை விட்டு இறங்கி, நேராகப் போய் வயர்லெஸ்காரர் தோளில் ஏறிக்கொண்டது. பதிவு எங்கே எடுக்கப்படுகிறது? மைக்குக்குப் பக்கத்தில். இங்கிருந்து கிளம்பியது சரி என்பதற்குத்தான் அது சாட்சி. போய்ச் சேர்ந்தது என்ன என்பதற்குச் சாட்சி யார்? ஆன்டெனாவைப் பழைய கட்டடத்திலிருந்து எடுத்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் நட்டது இந்த வருஷம்தானே? நட்டவரையே கூப்பிட்டுக் கோளாறு உண்டா என்று கேட்டால், உண்டு என்றா சொல்வார்?

மறுநாள் அவரிடமே போனாள். “அண்ணே, அந்த ஆன்டெனாவை ஒரு தடவை இறக்கிப் பாக்கணும்.”

“ஏம்மா, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். கொழுந்தனுக்காகக் கம்பிமேல பழி போடுறியா?”

“தப்பா ஆடினது நான் இல்ல. நான் சரியாத்தான் ஆடினேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஆனாலும் மறுக்கவில்லை. இறக்காமலே சோதித்துக் காட்டுகிறேன் என்று, ஓய்வாக இருந்த வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு ரயில்வே லைனுக்குக் கீழே இருந்த பள்ளத்துக்குப் போனார். இரு பக்கமும் உயரமான குடோன் சுவர்கள், நடுவில் எண்ணெய் படிந்த ரோடு. கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குப் பதிலாக இருந்தவள் பேசப் பேச, வண்டியில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. சுவர் ஓரத்தில் கிடந்த ஒரு காகிதம்கூட அசையவில்லை. அவர் அவளைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினாள்.

ஆனால் அந்த அசையாத காகிதம் மனதைவிட்டுப் போகவில்லை. விசாரணையில் கேட்ட டமார் சத்தம் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காற்று. ஜன்னல் அறைந்துகொண்ட காற்று.

அதற்குப் பிறகு அவள் வேலையில் பாதிக் கண் ஜன்னலுக்கு வெளியேதான். கீழே சலவைப் பகுதியில் ஆஸ்பத்திரிப் போர்வைகள் கொடியில் தொங்கும். பல நாள் அவை பிணம் மாதிரி தொங்கின. ஒரு மதியம் திடீரென்று எல்லாம் ஒரே பக்கமாக எழும்பிப் படபடத்தன. ஒரு போர்வை கொடியைவிட்டே பறந்தது. அவள் போனை எடுத்தாள்.

“அண்ணே, இப்பவே அந்தப் பள்ளத்துக்குப் போங்க.”

“ஏம்மா, சாப்பிட உக்காந்திருக்கேன்.”

“சோறு எங்கயும் ஓடிப்போகாது. காத்து போயிடும்.”

முணுமுணுத்துக்கொண்டே போனார். போய்ச் சேர்ந்ததும் வண்டியிலிருந்து அலுப்போடு குரல் கொடுத்தார். “சொல்லு.”

“நிக்காதீங்க.”

“நிக்காதீங்க. சரியா இருக்கு.”

“திரும்பாதீங்க.”

“திரும்பாதீங்க. அப்புறம்?”

மாடியில் காற்று ஊளையிட்டது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

“போகாதீங்க.”

பதில் இல்லை. அவள் காத்திருந்தாள்.

“இப்ப என்னம்மா சொன்ன?”

“உங்களுக்கு என்ன கேட்டுச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“... திரும்பச் சொல்லு.” குரலில் இருந்த அலுப்பு போய்விட்டிருந்தது.

அவள் சொன்னாள். இந்தத் தடவை முழுசாகப் போனது. அடுத்த தடவை மறுபடி அறுந்தது. நாலைந்து முறை அப்படியே ஆனது. காற்று வீசும்போது அறுந்தது, விட்டபோது ஒட்டிக்கொண்டது.

“போங்கன்னுதாம்மா கேக்குது” என்றார் அவர் கடைசியில். “நடுவுல மூச்சு விட்டாப்ல.”

அவள் மைக்கைக் கீழே வைத்தாள். கொழுந்தன் சொன்ன அதே வார்த்தை.

சந்தோஷப்படுவதற்குள் அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனுஷன் நேராக மாடிக்குப் போய், சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டால்? அப்புறம் எந்தக் காற்று வந்து சாட்சி சொல்லும்? மாற்றாள் வந்து சேர நேரமாகிவிட்டது. அவளை மைக்கில் உட்காரவைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். அதற்குள் அவர் பள்ளத்திலிருந்து திரும்பி வந்து மேலே போயிருந்தார். தொட்டியின் இரும்பு ஏணியில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, ஆன்டெனாவின் அடியில் ஏதோ அறுத்துக்கொண்டிருந்தார். எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அண்ணே, பையில என்ன போட்டீங்க?”

திடுக்கிட்டுத் திரும்பினார். “ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாததைக் காட்டுங்க.”

அவர் இறங்கி வந்தார். பிறகு பைக்குள் கைவிட்டு எடுத்து உள்ளங்கையை விரித்தார். கேபிளை ஆன்டெனாவோடு சேர்க்கும் இணைப்பு. வெளியே கறுப்பு டேப் அழகாகச் சுற்றியிருந்தது. அறுத்த இடத்தில் உள்ளே பார்த்தால், நடுக்கம்பியில் பற்றவைக்கும் ஈயம் பிடிக்கவே இல்லை. ஊசி மாதிரி சும்மா தொட்டுக்கொண்டு நின்றது.

“காத்துல கம்பம் ஆடும்போது இது விட்டு விட்டுத் தொடுது” என்றார். “ஆன்டெனா மேல தப்பில்லம்மா, நான் சொன்னது அந்த மட்டுக்கும் நிஜம். அது வார்த்தையை மாத்தல. கண்ணை மூடித் திறக்குற நேரம் அதுக்குச் சாப்பாடே போகல. பக்கத்துல இருக்குற வண்டிக்கு ஒழுகுற மிச்சமே போதும், தெளிவாக் கேக்கும். பள்ளத்துல சுவருக்கு நடுவுல இருக்கிறவனுக்கு அந்த மிச்சமும் வராது. சிக்னல் இல்லன்னா வண்டியில இருக்குற செட்டு இரைச்சல் போடாம தானா வாயை மூடிக்கும். அதான் மூச்சு விட்ட மாதிரி இருந்திருக்கு.”

“நீங்க பாக்கலியா, போடும்போது?”

“கான்ட்ராக்ட் ஆளுங்க போட்டாங்க. நான் கீழ நின்னு மீட்டர் வச்சுப் பாத்தேன். மீட்டர் நல்லாத்தான் காட்டுச்சு. அன்னிக்குக் காத்து இல்ல.”

“சரி. பையில ஏன் போட்டீங்க?”

அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். “தெரியல. கை தானா போயிடுச்சு.”

அந்தப் பதிலை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இணைப்பை அவரே அதிகாரியின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தார். அதிகாரி அதை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு அவளிடம், “கொழுந்தனுக்காக இவரையும் சேத்துக்கிட்டீங்களோ?” என்றார். “இல்ல சார், என் தலையில நானே மண்ணைப் போட்டுக்க எனக்கென்ன பைத்தியமா?” என்று வயர்லெஸ்காரர்தான் பதில் சொன்னார். அதிகாரி பேனாவை எடுத்தார். கொழுந்தனை வேலைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு போட்டார்.

அன்று சாயங்காலம் அவள் வேகவேகமாக வீட்டுக்கு வந்தாள். நடந்ததையெல்லாம் கொழுந்தனிடம் சொன்னாள். காற்று, பள்ளம், ஈயம் பிடிக்காத கம்பி. வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினாள். அவன் கடைசிவரை கேட்டான்.

“சரி அண்ணி. போகாதீங்கன்னதை போங்கன்னு ஆக்கினது அந்தக் கம்பி. என் சட்டையை மோந்து பாத்தீங்களே, அதை எந்தக் கம்பி பண்ணுச்சு?”

கணவன் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டான்.

“தப்புதான்” என்றாள். ஒரு சொல் போதுமென்றால் இரண்டாவது சொல்லாதவள், இந்த முறை இரண்டாவதையும் சொன்னாள். “தப்புதான்ப்பா. நீ கேட்டப்பவே நம்பியிருக்கணும்.”

அவன் தலையை ஆட்டினான். மன்னித்தானா என்று சொல்லவில்லை. அடுத்த மாதமே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான். குசுகுசுவென்று போனில் பேசியது யாரோடு என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. சலவைப் பகுதியில் வேலை செய்யும் பெண்ணாம். அவளைக் கட்டிக்கொள்ள அண்ணனிடம் எப்படிப் பேச்செடுப்பது என்றுதான் அத்தனை நாள் யோசனை.

தையல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. தேடிக்கொண்டு போனாள். அவர் கடையில் மனைவி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் துணியைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அவள் தான் யார் என்று சொன்னாள். நடந்ததைச் சொன்னாள்.

அவர் துணியை விடாமலே கேட்டார். “அந்த டிரைவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“கொழுந்தன்.”

“அப்போ, உங்க மேலயும் தப்பில்ல, உங்க கொழுந்தன் மேலயும் தப்பில்ல.” பேச்சு இன்னும் லேசாகக் குழறியது. “காத்து மேல தப்பு. நல்லா இருக்கும்மா கதை. காத்து மேல கேஸ் போட முடியுமா?”

“நான் அந்த ரோட்டுல தோண்டியிருக்குன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருந்தா அவன் போயிருக்க மாட்டான். அது என் தப்பு” என்றாள் அவள். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

அவர் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். நம்பினாரா என்று அந்தக் கோணிய முகத்தில் படிக்க முடியவில்லை. “தள்ளி நில்லும்மா, வெளிச்சம் மறைக்குது” என்றாள் மனைவி. அவள் தள்ளி நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டாள்.

அப்புறம் கட்டுப்பாட்டு அறையில் பேச்சு மாறியது. ‘போகாதீங்க’ என்று அவள் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. “மார்க்கெட் ரோடு அடைப்பு. மார்க்கெட் ரோடு அடைப்பு. பைபாஸ்ல போங்க” என்பாள். டிரைவர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் ‘சரி’ செல்லாது. சொன்னதையே எத்தனை தடவை சொல்கிறாள் என்று டிரைவர்கள் சலித்துக்கொண்டார்கள். இரண்டாம் வண்டி மட்டும் சலிக்காமல் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னது. மைக்கில் அண்ணியும் கொழுந்தனும் ஒரு நாளைக்கு அத்தனை பேச்சுப் பேசினார்கள். வீட்டில் அவன் வந்தால் சாப்பாடு போடுவாள், சாப்பிடுவான், பேச்சு அளவோடுதான். நாள் செல்லச் செல்ல அதுவும் கொஞ்சம் தளர்ந்தது.

வருஷா வருஷம் காற்றுக் காலத்துக்கு முன்னால் வயர்லெஸ்காரர் தொட்டிமேல் ஏறி இணைப்பைப் பிரித்துப் பார்ப்பார். கத்திரி கீழே ஏணியடியில் நிற்பாள், நிமிர்ந்து பார்த்தபடி.

“எல்லாம் கெட்டியா இருக்கும்மா!” என்று மேலிருந்து கத்துவார்.

“இறக்கிக் கொண்டுவந்து காட்டுங்க.”

“ஏம்மா, இன்னுமா என் மேல நம்பிக்கை வரல?”

“இருக்கு. காட்டுங்க.”